டைனஸ்டி லீக்கில் முதல் டிராஃப்ட்: புதிதாகச் சேருவோருக்கு ஒரு வழிகாட்டி

என்எஃப்எல் எனப்படும் அமெரிக்க ஃபுட்பால் லீக்கை வைத்து ஆடும் ஃபேன்டஸி ஆட்டம் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்குதான். உண்மை ஆட்டக்காரர்களை வைத்து நீங்கள் ஒரு கற்பனை அணி கட்டுகிறீர்கள், களத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து உங்களுக்குப் புள்ளி. ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட் வைத்து, முறைக்கு ஒருவராக ஆளெடுப்பார்கள். டிசம்பர் கடைசி வாக்கில் கோப்பை யாருக்கென்று தெரிந்துவிடும். அடுத்த ஆகஸ்டில் எல்லாரும் மறுபடி வெறுங்கையோடு வந்து உட்காருவார்கள். டைனஸ்டியில் இந்தக் கலைப்பு கிடையாது. ஒருமுறை எடுத்த ஆள், நீங்கள் டிரேடில், அதாவது வேறொரு அணியோடு மாற்றிக்கொள்வதில், கொடுக்கும்வரை அல்லது கழற்றிவிடும்வரை உங்களிடமே இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை, கல்லூரியிலிருந்து புதிதாக வரும் ரூக்கிகளுக்கு மட்டும் நாலைந்து சுற்று டிராஃப்ட் நடக்கும். ஆக, லீக் பிறக்கும்போது நடக்கிற ஸ்டார்ட்அப் டிராஃப்ட் ஒரே ஒருமுறைதான். அதில் செய்த பிழையைச் சரிசெய்ய இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

அங்கே வாங்குவது இரண்டு சரக்கு. ஒன்று, வரும் சீசனில் அந்த ஆள் எடுக்கப்போகும் புள்ளிகள். மற்றொன்று, ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவரை விற்றால் கிடைக்கும் விலை. முதன்முறை ஆடுபவர்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். நாலு கட்டுரை படித்துவிட்டு வருபவர்கள் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். முன்னவர்கள் மூன்றாவது ஆண்டில் திண்டாடுவார்கள். பின்னவர்கள் முதல் ஆண்டிலிருந்தே தோற்றுக்கொண்டு, "அடுத்த வருஷம் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் விதி, பிறகு பட்டியல்

எந்த ஆட்டக்காரர் உயர்ந்தவர் என்பதற்கு விதி தெரியாமல் பதில் சொல்ல முடியாது. லீக்கை நடத்தும் கமிஷனரிடமிருந்து இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை அணிகள், வாரம் எத்தனை பேர் களமிறங்குவர், எந்தெந்த இடங்களில், ஒரு கேட்ச்சுக்கு (எறிந்த பந்தைப் பிடிப்பதற்கு) எத்தனை புள்ளி, பாஸ் டச்டவுனுக்கு (எறிந்த பந்தால் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கு) 4 புள்ளியா 6 புள்ளியா, மொத்தம் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், ரூக்கிகள் இதே டிராஃப்டில் வருகிறார்களா தனியாகவா, வருங்கால பிக்குகளை, அதாவது பின்வரும் டிராஃப்டுகளில் ஆளெடுக்கும் முறைகளை, எத்தனை ஆண்டு முன்கூட்டி விற்கலாம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே மாதிரி லீக்கை வைத்துப் பேசலாம். 12 அணிகள். களத்தில் 10 பேர்: 1 குவார்ட்டர்பேக், 2 ரன்னிங்பேக், 3 ரிசீவர், 1 டைட் எண்ட், 2 ஃப்ளெக்ஸ், 1 சூப்பர்ஃப்ளெக்ஸ். குவார்ட்டர்பேக் பந்தை எறிபவர், ரன்னிங்பேக் பந்தோடு ஓடுபவர், ரிசீவர் பிடிப்பவர், டைட் எண்ட் தடுப்பும் பிடிப்பும் செய்பவர். ஃப்ளெக்ஸில் இந்தக் கடைசி மூவரில் யாரையும் வைக்கலாம். பெஞ்சில் 16 பேர். இளையவர்களை ஓரமாக வளர்க்க டாக்ஸி ஸ்குவாடில் 4 இடம். சூப்பர்ஃப்ளெக்ஸ் என்பது குவார்ட்டர்பேக்கையும் வைக்கலாம் என்கிற இடம். வைக்கலாம் என்று விதி சொல்கிறது, நடைமுறையில் வைத்தே ஆக வேண்டும்.

12 அணி, தலா 26 பேர் என்றால் 312 ஆட்டக்காரர்கள். என்எஃப்எல்லில் இருப்பது 32 அணிகள். அதாவது ஒவ்வொரு உண்மை அணியிலிருந்தும் சராசரியாகப் பத்துப்பேர் யாரிடமாவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஓராண்டு லீக்கில் ஆள் அடிபட்டால் வேவரில், அதாவது யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்களில், யாராவது கிடைப்பார். இங்கே வேவரில் மிஞ்சுவது பெரும்பாலும் சக்கை. எனவே டிராஃப்டின் பின்பாதிச் சுற்றுகளும் முக்கியம், தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட முடியாது.

கேட்ச் புள்ளி எவ்வளவு மாற்றுகிறது என்று பாருங்கள். 6 கேட்ச், 80 யார்டு, 1 டச்டவுன் (பத்து யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6). கேட்ச்சுக்குப் புள்ளியே இல்லாத லீக்கில் இது 14. அரைப் புள்ளி லீக்கில் 17. முழுப் புள்ளி, அதாவது பிபிஆர் லீக்கில் 20. டைட் எண்டுக்கு மட்டும் கேட்ச்சுக்கு ஒன்றரைப் புள்ளி தரும் லீக்கில் அதே ஆட்டத்தை ஒரு டைட் எண்ட் ஆடினால் 23. 2024-ல் ரூக்கியாக வந்த பிராக் பவர்ஸ் 112 கேட்ச் பிடித்தார். அந்தக் கூடுதல் அரைப் புள்ளி மட்டுமே அவருக்கு 56 புள்ளி. இந்த ஒரு வரி விதி உங்கள் லீக்கில் இருக்கிறதா இல்லையா என்பது டைட் எண்டுகளின் வரிசையை ஒரு சுற்றுக்கு மேல் நகர்த்திவிடும்.

குவார்ட்டர்பேக் கணக்கு

இது வெறும் எண்ணிக்கை சார்ந்த விஷயம். 32 அணிகளுக்கு வாரம் 32 பேர்தான் குவார்ட்டர்பேக்காக இறங்குவர். ஒரே குவார்ட்டர்பேக் இறக்கும் லீக்கில் 12 பேர் போதும், இருபது பேர் மிச்சம். அங்கே ஐந்தாறு சுற்றுகள் கழித்து எடுத்தாலும் நஷ்டமில்லை. சூப்பர்ஃப்ளெக்ஸில் 24 பேர் வேண்டும். ஓய்வு வாரத்துக்கும் காயத்துக்கும் ஆளுக்கொரு மூன்றாமவர் என்றால் 36. இருப்பதோ 32. எல்லாரும் மூன்று பேர் வைத்துக்கொள்ள வழியே இல்லை. யாரோ ஒருவர் மாட்டுவார்.

எனவே முதல் நாலு சுற்றுக்குள் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்துவிடுங்கள். அதில் ஒருவராவது இன்னும் ஆறேழு ஆண்டு ஆடக்கூடியவராக இருக்கட்டும். காலால் ஓடக்கூடியவர் என்றால் இன்னும் நல்லது: எறிந்த 280 யார்டு (25 யார்டுக்கு 1 புள்ளி), 2 பாஸ் டச்டவுன் (தலா 4) சேர்ந்து 19.2 புள்ளி. அதோடு 50 யார்டு ஓடி ஒரு டச்டவுனும் போட்டால் 11 புள்ளி கூடுகிறது. லமார் ஜாக்சன், ஜாஷ் ஆலன் போன்றவர்களுக்கு இத்தனை விலை இருப்பது இதனால்தான். மூன்றாமவரை 8 முதல் 12-வது சுற்றுக்குள் பாருங்கள். 34, 35 வயதில் வேலை உறுதியாக உள்ள ஒருவர் அங்கே யாரும் சீண்டாமல் கிடப்பார்.

இளைஞர் என்ற ஒரே காரணத்துக்காக முன்னால் எடுப்பதில் ஆபத்து உண்டு. 2021-ல் சான் ஃபிரான்சிஸ்கோ அணி மூன்று முதல்சுற்று பிக்குகளைக் கொடுத்து மேலேறி, மூன்றாவது இடத்தில் ட்ரே லான்ஸை எடுத்தது. 2023 ஆகஸ்டில் அவரை ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டாலஸிடம் தள்ளிவிட்டது. அவருடைய இடத்தைப் பிடித்தவர் 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வதாக வந்த பிராக் பர்டி. வேலை உறுதியானவர், வேலை கிடைக்கலாம் என்பவர் என்று குவார்ட்டர்பேக்குகளை இரண்டு பட்டியலாகப் பிரித்தே வையுங்கள். இரண்டாவது பட்டியலிலிருந்து இரண்டு பேர் எடுத்து வேலையை முடித்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

வயது

ஒவ்வொரு இடத்துக்கும் வயது வேறு மாதிரி வேலை செய்கிறது. ரன்னிங்பேக் 21, 22 வயதில் வந்து உடனே ஆடத் தொடங்கிவிடுவார். 26, 27 வரை நன்றாக ஓடுவார். அதன்பின் சரிவு வந்தால் படிப்படியாக வராது, படக்கென்று வரும். ரிசீவர் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் மலர்ந்து 29, 30 வரை நிற்பார். டைட் எண்ட் பொதுவாகத் தாமதமாகப் பழுப்பவர். பவர்ஸும் 2023-ல் 86 கேட்ச் பிடித்த சாம் லபோர்ட்டாவும் விதிவிலக்குகள். பழுத்தபின் நீண்ட நாள் ஆடுவார்: டிராவிஸ் கெல்சி 2016 முதல் 2022 வரை தொடர்ந்து ஏழு சீசன் ஆயிரம் யார்டு தாண்டினார், கடைசியில் அவருக்கு வயது 33. குவார்ட்டர்பேக்குக்கு 35 ஒரு பொருட்டல்ல. டாம் பிரேடி 43 வயதில் சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப்போட்டியை வென்றார். ஆனால் ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்டில், 29 வயதில், சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ஓய்வு பெற்றார். அவரை நம்பிக் கட்டிய அணிகளுக்கு ஈடு கொடுக்க யாருமில்லை.

ரன்னிங்பேக் விஷயம் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. டாட் கர்லி 2017-ல் லீக்கின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2018-ல் 21 டச்டவுன் போட்டார். அந்தச் சமயத்தில் டைனஸ்டி சந்தையில் அவரை வாங்க அரை அணியை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். 2020 மார்ச்சில் அவருடைய அணி அவரை விடுவித்தது. அந்த ஆண்டு அட்லாண்டாவில் ஆடியதே அவருடைய கடைசி சீசன். வயது 26. ரூக்கி ஒப்பந்தம் நாலு ஆண்டு. முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு ரன்னிங்பேக்கின் விலை உச்சத்தில் இருப்பது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். நான்காம் ஆண்டு தொடங்கும்போது வாங்குபவர்களெல்லாம் கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு வயதான ரன்னிங்பேக் என்றாலே ஒதுங்குவதும் தவறு. 2024-ல் சேக்வான் பார்க்லி 27 வயதில் 2,005 யார்டு ஓடினார். டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921. இருவரும் அந்த ஆண்டுதான் புது அணிக்கு மாறியவர்கள். இப்படிப்பட்டவர்கள் ஸ்டார்ட்அப் டிராஃப்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பார்கள். கோப்பைக்கு ஆடுகிற அணிக்கு இதைவிட மலிவான சரக்கு இல்லை. ஆனால் வாங்கிய அன்றே மறுவிலை பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு வாங்குங்கள். ரிசீவரிலும் இதே கதை. மைக் எவன்ஸ் 2014 முதல் 2024 வரை பதினோரு சீசனும் ஆயிரம் யார்டு தாண்டியவர். 28 வயது தாண்டிய பிறகு ஒவ்வொரு ஆண்டும் "இத்தோடு சரி" என்று சந்தை சொல்லிக்கொண்டே இருக்கும். இப்படிச் சொல்லப்படுகிற ரிசீவர்களில் ஒருவரை ஏழெட்டாவது சுற்றில் எடுப்பது லாபம். நாலு பேரை எடுப்பது சூதாட்டம்.

பட்டியல் போடும் முறை

டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பே உட்காருங்கள். கீப்டிரேட்கட் தளம் ஆட்டக்காரர்களுக்கு மக்கள் போடும் விலையைக் காட்டுகிறது. ஃபேன்டஸிகால்க் உண்மையில் நடந்த டிரேடுகளிலிருந்து விலை கணக்கிடுகிறது. இரண்டிலும் சூப்பர்ஃப்ளெக்ஸ் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஒற்றைக் குவார்ட்டர்பேக் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காருவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. இரண்டாவது, ஓராண்டு லீக்குக்கான ஆகஸ்ட் மாதப் பட்டியலை வைத்துக்கொள்வது.

முதல் 150 பெயர்களை ஒரு தாளில் இடவாரியாக நாலு பத்தியாக எழுதுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடாமல் கோடு போட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். "இந்த ஐந்து பேரில் யார் வந்தாலும் எனக்குச் சரி" என்று தோன்றும் இடம் வரை ஒரு குழு. ரிசீவர் குழுவில் நாலு பேர் மீதம் இருக்கிறார்கள், உங்கள் முறைக்கு முன் மூன்று பேர்தான் எடுக்கப் போகிறார்கள் என்றால் பதற வேண்டாம், ஒருவர் நிச்சயம் உங்களுக்கு. குவார்ட்டர்பேக் குழுவில் ஒருவர்தான் மீதம், அடுத்த முறை வர 14 பிக் ஆகும் என்றால், பட்டியலில் அவர் இரண்டிடம் கீழே இருந்தாலும் இப்போதே எடுங்கள். எண் வரிசை இந்த முடிவைச் சொல்லித் தராது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு போதும்: வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, எந்தச் சுற்றில் என்எஃப்எல்லுக்கு வந்தார். ஓய்வு வாரத்தை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இடமும் சுற்றுகளும்

பாம்பு முறையில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும். முதலிடம் கிடைத்தவருக்கு 1, 24, 25, 48 என வரும். ஐந்தாமிடத்துக்கு 5, 20, 29, 44. கடைசி இடத்துக்கு 12, 13, 36, 37. முதலிடக்காரருக்குச் சாதகம் அதிகம் என்று சில லீக்குகள் மூன்றாம் சுற்றை மட்டும் திருப்பாமல் விடும். அப்போது முதலிடத்துக்கு 1, 24, 36, 37. கடைசி இடத்துக்கு 12, 13, 25, 48. எது என்று தெரியாமல் உட்கார்ந்தால் மூன்றாம் சுற்றுத் திட்டம் முழுக்கப் பாழ்.

முதல் மூன்று சுற்றுகளில் இளம் குவார்ட்டர்பேக்கும் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட முன்னணி ரிசீவர்களும் மட்டுமே. ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் போன்றவர்கள் அந்த வயதில் தங்கக் கட்டி மாதிரி இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் புள்ளியும் தருவார்கள், விற்றாலும் நஷ்டமிராது. அந்த உயரத்தில் ரன்னிங்பேக் எடுப்பதானால் 23-ஐத் தாண்டாதவராக இருக்கட்டும். 4 முதல் 8 வரை ரிசீவர்களைக் குவிக்கும் நேரம், வாரம் மூன்று பேரும் ஃப்ளெக்ஸில் இரண்டு பேரும் தேவை என்பதை மறக்க வேண்டாம். டைட் எண்டுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்றால் உச்சியில் உள்ள மூன்று நாலு பேரில் ஒருவரை இங்கேயோ இதற்கு முன்போ பிடியுங்கள். அவர்கள் போய்விட்டால் நடுத்தரம் இரண்டு பேரை எடுத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளாமல் பதினைந்தாம் சுற்றுவரை பொறுங்கள். நடுத்தரத்துக்கும் கடைசிக்கும் வாரம் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம்.

9 முதல் 14 வரை வயதானவர்களின் சந்தை. அதற்குப் பின் எல்லாமே விதை நெல்: இரண்டாம் ஆண்டில் இருக்கும் ரிசீவர், முன்னவர் அடிபட்டால் முழு வேலையும் கிடைக்கக்கூடிய மாற்று ரன்னிங்பேக், மாற்றுக் குவார்ட்டர்பேக். முப்பது வயது நாலாம் ரிசீவர் வாரம் 5 புள்ளி எடுப்பார். அவரை எடுக்காதீர்கள். அவரால் எந்த வாரமும் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை, யாரும் வாங்கவும் மாட்டார்கள். லீக்கில் கிக்கரும் (பந்தை உதைப்பவர்) அணித் தற்காப்பும் உண்டென்றால் கடைசி இரண்டு சுற்று.

முடிவில் 26 பேரில் குவார்ட்டர்பேக் 4, ரன்னிங்பேக் 7, ரிசீவர் 11, டைட் எண்ட் 4 என்று வந்தால் வடிவம் சரி.

எந்தப் பக்கம்?

டிராஃப்டுக்கு முன்பே "நான் இந்த ஆண்டு ஜெயிக்கப் போகிறேன்" என்றோ, "இரண்டு ஆண்டு தோற்று இளையவர்களைச் சேர்க்கப் போகிறேன்" என்றோ முடிவு செய்ய வேண்டாம். முதல் ஐந்து சுற்று யார் விலை குறைந்து வருகிறாரோ அவரை எடுங்கள். ஆறாம் சுற்றில் நிறுத்தி உங்கள் ஐவரைப் பாருங்கள். நாலு பேர் இந்த ஆண்டே முழுப்புள்ளி எடுப்பவர்கள் என்றால் இனி வயதைப் பார்க்காமல் வாங்குங்கள், எல்லாரும் ஒதுக்கும் 28 வயதுக்காரர்கள் வரிசையாக உங்களிடம் வருவார்கள். இல்லை, கையில் இருப்பவர்கள் எல்லாம் 21, 22 என்றால் ஒரு வயதானவரையும் எடுக்காதீர்கள். வரும் ஒவ்வொரு பிக்கையும் அடுத்த ஆண்டு முதல்சுற்றுப் பிக்காக மாற்றப் பாருங்கள்.

நடுவில் நிற்பதுதான் கொல்லும். இரண்டு இளம் ரிசீவர், 28 வயது ரன்னிங்பேக், 36 வயது குவார்ட்டர்பேக், நாலு ரூக்கி என்று கலந்துகட்டிய இரண்டுங்கெட்டான் அணி ஏழாவது எட்டாவது இடத்தில் முடியும். 12 அணியில் ஆறு அணி பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டத்துக்கு, போகிறது என்றால் கோப்பைக்கும் வழியில்லை, ரூக்கி டிராஃப்டிலும் 1.05, 1.06 (முதல் சுற்றின் ஐந்தாவது, ஆறாவது பிக்) தான் வரும். ரன்னிங்பேக் அதற்குள் 29 ஆகிவிடுவார்.

தோற்கும் வழியைத் தேர்ந்தால் ஒரு விதியைக் கேட்டு வையுங்கள். நல்ல லீக்குகளில் ரூக்கி டிராஃப்ட் வரிசையை வெற்றி தோல்வியை வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் உங்கள் அணி எடுத்திருக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியைக் கூட்டி, அது யாருக்குக் குறைவோ அவருக்கு முதல் பிக். நல்லவர்களை வேண்டுமென்றே பெஞ்சில் உட்கார வைத்துத் தோற்பது அங்கே செல்லாது. வயதானவர்களை உண்மையிலேயே விற்றாக வேண்டும்.

டிராஃப்ட் நடக்கும்போது டிரேட்

ஸ்டார்ட்அப் டிராஃப்டில் கீழே இறங்குவதுதான் பொதுவாக லாபம், ஏனென்றால் மேலேறத் துடிப்பவர் ஆசைக்கு விலை கொடுக்கிறார். எட்டாமிடத்தில் இருக்கிறீர்கள். 8-வது பிக்கையும் 104-வது பிக்கையும் கொடுத்து ஆறாமிடக்காரரின் 19, 43 இரண்டையும் வாங்கினால், முதல் ஐம்பதுக்குள் உங்களுக்கு 17, 19, 32, 41, 43 என ஐந்து பேர். முன்பு நாலுதான். உங்கள் குழுப் பட்டியலில் 8-ல் வருபவருக்கும் 19-ல் வருபவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தால் இறங்காதீர்கள்.

விலைக் கணிப்பான்களை நம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாலு சாதாரண ஆட்டக்காரரின் விலையைக் கூட்டினால் ஒரு சேஸின் விலை வந்துவிட்டதாகத் திரை சொல்லும். களத்தில் பத்துப்பேருக்குத்தான் இடம். நாலு பேர் உள்ளே வந்தால் பெஞ்சிலிருந்து மூன்று பேரை வெளியே அனுப்ப வேண்டும். ஆகவே சிறந்த ஒருவர் கிடைக்கிற பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். டிராஃப்ட் நடக்கும்போது எல்லாருடைய அணியும் காலி என்பதால் இந்தத் தொல்லை குறைவு, பரப்பி வாங்கலாம். முடிந்த மறுநாளிலிருந்து பல பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கும் காலம்.

அடுத்த ஆண்டு முதல்சுற்றுப் பிக்கை விற்பது புதியவர்களுக்கு வலியில்லாமல் தெரியும். இன்னும் பிறக்காத பிள்ளை மாதிரி. உங்கள் அணி சொதப்பினால் அதுவே 1.01 ஆகிவிடும். டிராஃப்ட் முடிந்து உங்கள் அணியின் வலிமை தெரியும்வரை சொந்த பிக்கை விற்காதீர்கள். மற்றவர்களுடையதை வாங்குங்கள். பணம் கட்டி ஆடும் லீக்கில் வருங்கால பிக்கை விற்பவர் அந்த ஆண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டு ஒருவர் விலகுவார், அந்தப் பாழடைந்த அணிக்கு ஆள் தேடிக் கமிஷனர் அலைவார்.

ரூக்கிகள்

என்எஃப்எல் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில். அதற்கு முன்பே உங்கள் ஸ்டார்ட்அப் நடந்தால் ரூக்கிகளுக்குப் பதில் ரூக்கி பிக்குகள் டிராஃப்டில் வரும். தளங்களில் இதற்கென ஏற்பாடு இல்லாதபோது கிக்கர்களை அடையாளமாக வைப்பார்கள்: முதலில் எடுக்கப்படும் கிக்கர் 1.01, இரண்டாவது 1.02 என்று போகும். இது தெரியாமல் மூன்றாம் சுற்றில் ஒருவர் கிக்கர் எடுப்பதைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். அவர் அந்த ஆண்டின் சிறந்த ரூக்கியை எடுத்திருக்கிறார்.

ரூக்கி பிக்குக்குக் காயம் ஆகாது, வயது ஆகாது, மே மாதம் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆள் தெரிந்தபின் பாதிப் பேர் ஏமாற்றுவார்கள். 2020-ல் கான்சஸ் சிட்டி 32-வது இடத்தில் கிளைட் எட்வர்ட்ஸ் ஹெலேரை எடுத்தது, முதல் சுற்றில் வந்த ஒரே ரன்னிங்பேக் அவர்தான். எத்தனையோ ரூக்கி டிராஃப்டுகளில் அவரே முதல் ஆள். அதே ஆண்டு 41-வதாக வந்த ஜொனதன் டெய்லர் அடுத்த ஆண்டே 1,811 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். 22-வதாக வந்தவர் ஜெஃபர்சன். மறுபக்கம், 2023-ல் 177-வதாக வந்த பூகா நக்குவா முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு. என்எஃப்எல் அணி எத்தனை உயரத்தில் ஒருவரை எடுத்தது என்பதுதான் அவருக்கு எத்தனை வாய்ப்பு தருவார்கள் என்பதற்கான நல்ல அளவுகோல். நக்குவா போன்றவர்களை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முயலாமல், அதற்காகக் கடைசிச் சுற்று பிக்குகளைச் சேர்த்து வையுங்கள்.

கடிகாரம்

ஸ்லீப்பர் போன்ற செயலிகளில் மெதுவான டிராஃப்டில் ஒரு பிக்குக்குப் பல மணிநேரம் தருவார்கள். இரண்டு மூன்று வாரம் ஓடும். நேரம் தவறினால் செயலி தன் பட்டியலின்படி எடுத்துவிடும், அந்தப் பட்டியல் உங்கள் லீக் விதிக்கு ஒத்துவர வேண்டும் என்று கட்டாயமில்லை. வரிசையில் எப்போதும் ஐந்து பெயராவது போட்டு வையுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு முதல் காலை 8 வரை கடிகாரத்தை நிறுத்துவது வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. கோடையில் அது இந்திய நேரம் காலை 9.30 முதல் மாலை 5.30 வரை. சென்னையிலிருந்து ஆடுபவருக்கு பிக்குகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும் என்று பொருள். அந்த வரிசை அவருக்கு இரட்டிப்பு அவசியம்.

முடிந்த மறுநாள்

அணிப் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் எதிரே "இந்த ஆண்டு இறங்குவாரா", "அடுத்த ஆண்டு விற்கலாமா" என்று இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டிலும் இல்லை என்று வருகிறவர் முதலில் வெளியேற வேண்டியவர். ஏனென்றால் ஆண்டுதோறும் நாலு சுற்று ரூக்கி டிராஃப்ட் என்றால் நாலு புதியவர் உள்ளே வருவார், நாலு பேர் வெளியே போக வேண்டும்.

கோப்பைக்கு ஆடுவதானால் உங்கள் முதன்மை ரன்னிங்பேக்கின் மாற்று ஆள் யாரிடம் இருக்கிறார் என்று பார்த்து மூன்றாம் சுற்றுப் பிக்குக்கு வாங்க முயலுங்கள். வளர்க்கிற அணி என்றால் மற்றவர்களுடைய மாற்று ஆட்களை வைத்திருங்கள். அக்டோபரில் யாராவது அடிபட்டால் அவர்களே தேடி வருவார்கள். டாக்ஸியில் ரூக்கிகளை வைக்கும் முன், ஒருமுறை மேலே கொண்டுவந்தவரைத் திரும்ப அங்கே வைக்கலாமா என்று கேளுங்கள், பல லீக்குகளில் முடியாது.

ஆகஸ்ட் கடைசியில் என்எஃப்எல் அணிகள் 53 பேராகக் குறைக்கும் நாளன்று விழித்திருங்கள். அன்று வேலை இழப்பவர் ஒருபுறம், அதனால் திடீரென்று இரண்டாமிடத்துக்கு ஏறுபவர் மறுபுறம். வேவருக்குத் தரும் கற்பனைப் பணம் ஆண்டுக்கு 100 டாலர் என்றால் அதில் இருபதோ முப்பதோ முதல் மூன்று வாரத்துக்குள் செலவாகிவிடலாம். மீதியை நவம்பருக்கு வையுங்கள். 15 முதல் 17 வரையான வாரங்களில்தான் பிளேஆஃப். டிரேட் கெடு தேதி அதற்கு மூன்று நாலு வாரம் முன்பே வந்துவிடும், அதை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.